மலை முளைத்த கதை

மனிதன் நிலாவில் கால் வைத்துச் சில வருடங்கள் ஆகியும் எங்கள் தெருவில் அந்தப் பேச்சு ஓயவில்லை. ரேடியோவில் எந்தப் புதுச் செய்தியைக் கேட்டாலும் அது குர்ஆனில் முன்பே இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆழ்கடலுக்குள் வெளிச்சமே கிடையாதாம் என்று ஒருவர் சொன்னால், அது இருக்கிறதே என்பார் இன்னொருவர். கூட்டுக்கு உழைக்கிற தேனீக்களெல்லாம் பெண்தான் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை படித்துவிட்டு வந்தால் அதுவும் இருக்கும். இல்லை என்ற பதிலை நான் கேட்டதே கிடையாது.

இந்த வழக்குகளெல்லாம் கடைசியில் என் அத்தாவிடம் வந்து சேரும். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஆட்டு வியாபாரி. மயிலாடும்பாறைப் பக்கம் போய்க் குட்டிகளைப் பிடித்து வந்து, வீட்டில் சில நாள் கட்டிப்போட்டுத் தேற்றி, சந்தைக்குக் கொண்டுபோவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சிறுவயதிலிருந்து பள்ளிவாசலில் கேட்ட சொற்பொழிவு ஒவ்வொன்றும் அவர் தலைக்குள் அப்படியே இருந்தது. எந்த அத்தியாயத்தில் மழை வருகிறது, எதில் எறும்பு பேசுகிறது என்று கேட்டால் உடனே சொல்வார். அதற்கு அர்த்தம் சொன்ன, தொழுகை நடத்திவந்த பழைய ஹஜ்ரத்தின் குரலையும் சேர்த்துச் சொல்வார்.

மாலை அஸர் தொழுகை முடிந்ததும், கை கால் கழுவும் தொட்டி ஓரத்தில் ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள். "இதுக்கு என்ன சொல்லியிருக்கு ராவுத்தரே?" என்று கேட்பார்கள். அத்தா ஒவ்வொரு முறையும், "நான் கேட்டதச் சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பார். ஆட்டு வாடை அடிக்கிற மனிதரை ஊர் மதித்துக் காது கொடுத்த இடம் அது ஒன்றுதான். அங்கே போகும்போது மட்டும் அவர் நடை கொஞ்சம் மாறும். இதை நான் அப்போதே கவனித்திருந்தேன். அதனால்தான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னால் தப்பித்துக்கொள்ள முடியவில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஏழாம் வகுப்பு. எங்கள் சயின்ஸ் டீச்சர் மேசையில் ஈரத் துண்டை விரித்து, இரண்டு பக்கமும் கையை வைத்து உள்பக்கமாகத் தள்ளினார். துண்டு நடுவில் மடிந்து எழுந்தது. மலைகள் இப்படித்தான் வந்தன, இமயமலை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்றார். இமயமலைக்கு உள்ளது எங்கள் ஊர் மேற்கு மலைக்கும் உண்டு என்று நானாக முடிவு செய்தேன். எங்கள் ஜன்னல் வழியே மலை உச்சி தெரியும். ஜன்னல் கட்டையில் உச்சி வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தினமும் காலையில் அதே இடத்தில் நின்று பார்த்தேன். மூன்று வாரமாகியும் மலை கோட்டைத் தாண்டவில்லை. நானும் மலையும் ஒரே அளவில் வளர்கிறோம் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அந்த வருடம் நபிகள் பிறந்தநாளான மீலாது விழாவில் பெண் பிள்ளைகளும் பேசலாம் என்று புதிதாக வந்திருந்த ஹஜ்ரத் அனுமதித்தார். அதைப் போய்க் கேட்டு வாங்கி வந்தவரே என் அத்தாதான். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, குர்ஆனும் விஞ்ஞானமும். தமிழ் அர்த்தம் போட்ட புத்தகத்தை இரவல் வாங்கி, மலை என்ற சொல்லைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கடைசிப் பாகத்தில் கிடைத்தது. பூமியை விரிப்பாக ஆக்கியதையும், மலைகளை முளைகளாக ஆக்கியதையும் அங்கே சொல்லியிருந்தது.

முளை. எனக்குப் புல்லரித்துவிட்டது. பயறு முளைப்பது போல மலை முளைத்திருக்கிறது. டீச்சர் போன வாரம் சொன்னதை வேதம் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் நான்தான் என்ற நினைப்பில் புத்தகத்தோடு கொல்லைக்கு ஓடினேன். அத்தா புதுக்குட்டி ஒன்றைக் கட்டுவதற்காகத் தரையில் குச்சி அடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் சிரித்தார்.

"முளைன்னா அது இல்ல தாயி. இந்தா, இது." கையிலிருந்த கல்லால் குச்சியின் தலையைத் தட்டிக் காட்டினார். "ஆடு அலையாம இருக்க நாம முளைக்குச்சி அடிக்கிறோம்ல. அது மாதிரி பூமி ஆடாம இருக்க அடிச்சதுதேன் மலைன்னு பழைய அஜரத்து சொன்னாக. வெளிய தெரியுறது நாலு விரக்கடைதேன். உள்ள போனதுதேன் ஆட்டப் பிடிச்சு நிறுத்தும்."

என் கண்டுபிடிப்பை ஓர் ஆட்டுக்குச்சியாக்கிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா அத்தா?" என்று கேட்டேன்.

அவர், "அதுவும் சரிதேன்" என்று சொல்லிவிட்டு மீதிக் குச்சியை அடித்து இறக்கினார். இதை எழுதும்போதும் என் முகம் சுடுகிறது.

விழா பள்ளிவாசல் முற்றத்தில் நடந்தது. அத்தா சலவைச் சட்டை போட்டு, தொட்டி ஓரத்துச் சகாக்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் நான் பாடம் செய்ததைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் மனப்பாடம் ஆகியிருந்ததால், நான் பேசப் பேச அவர் உதடும் அசைந்தது. மலை வந்த இடத்தில் உதடு நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. மலைகள் பூமியிலிருந்து முளைத்தன என்றேன். பயறு, நெல் எல்லாவற்றையும் உதாரணம் காட்டினேன். எங்கள் மேற்கு மலையும் வளர்கிறது, ஜன்னலில் குறித்து வைத்திருக்கிறேன் என்றுகூடச் சொன்னேன். "மாஷா அல்லாஹ்" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

நான் இறங்கப் போகும்போது ஹஜ்ரத் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கோபமே இல்லாத குரலில்தான் பேசினார். "நல்லாப் பேசினம்மா. ஆனா அரபியில அந்தச் சொல்லுக்குக் கூடாரம் கட்ட அடிக்கிற முளைன்னு அர்த்தம். செடி முளைக்கிற முளை இல்ல. இப்படின்னு உனக்கு யாரு சொல்லித் தந்தது?"

மைக் அணைக்கப்படாமல் இருந்தது. முற்றம் முழுக்க என் வாயைப் பார்த்தது. நானாகத்தான் நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். பதினொரு வயதுப் பிள்ளையை யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"எங்க அத்தாதான் சொன்னாக" என்றேன். வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோனது.

பின்னாலிருந்து ஒரு குரல், "தெனம் முளையடிக்கிற மனுசனுக்கே முளைன்னா என்னன்னு தெரியலையாக்கும்" என்றது. கூட்டம் சிரித்தது. தொட்டி ஓரத்து ஆட்களும் சிரித்தார்கள். அத்தா எழுந்து நின்றார். அவர் கண் என் பக்கமே வரவில்லை.

"நாந்தேன் சொன்னேன். கேட்டது மாறிப்போச்சு. மன்னிச்சுக்கங்க" என்றார்.

"வேதம்ல ராவுத்தரே. தெரியாம அர்த்தம் சொல்லப்படாது" என்றார் ஹஜ்ரத்.

"சரிங்க" என்று அத்தா உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. வீட்டுக்கு வரும் வழியில் அத்தா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் பெயர் எங்கே வெட்டியிருக்கிறது என்று கேட்டார். பெயர் வெட்டவில்லை என்றேன். பிறகு, "ரெண்டு முளைக்கும் ஒரே எழுத்துத்தானா தாயி?" என்று கேட்டார்.

"ஆமா அத்தா."

"அப்ப எழுத்தப் பாத்துப் படிக்கிறவுகளுக்கு மாறத்தான் செய்யும்" என்றார். எனக்காகச் சமாதானம் சொல்கிறார் என்று நினைத்து நிம்மதியாக நடந்தேன். அந்தச் சொல்லை எழுத்தில் பார்க்காமல், பழைய ஹஜ்ரத்தின் விளக்கத்தோடு காதால் கேட்டே அறிந்த அவருக்கு அந்தத் தப்பு வரவே வராது என்பது எனக்கு உறைக்க இன்னும் சில வருடங்கள் ஆயின. மைக் முன்னால் அவர் அதைச் சொல்லியிருந்தால் போதும், சிரிப்பு என் பக்கம் திரும்பியிருக்கும்.

மறுநாள் அஸருக்குப் பிறகு தொட்டி ஓரத்தில் அத்தா மட்டும் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் அவரும் அங்கே உட்காரவில்லை. தொழுதவுடன் வீட்டுக்கு வந்து ஆடுகளுக்குத் தழை போட ஆரம்பித்துவிட்டார். ஊர் தன் சந்தேகங்களை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொண்டது. அத்தாவுக்கு 'மலை முளைச்ச ராவுத்தர்' என்று பெயராகிவிட்டது. சந்தையில் தரகர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார்.

கல்லூரியில் படிக்கும்போது, மலை வெளியே தெரிகிற உயரத்தைப் போலப் பல மடங்கு பூமிக்குள் இறங்கியிருக்கும் என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். நாலு விரக்கடை என்ற சொல் காதில் கேட்டது. அதற்கு மேல் பாடம் மண்டையில் ஏறவில்லை. அந்த வாரமே ஊருக்கு வந்து, கொல்லையில் நின்றுகொண்டிருந்த அத்தாவிடம் சொன்னேன். அன்றைக்கு நீங்கள் சொன்னது இந்தப் படிப்போடு சேர்ந்து வருகிறது அத்தா என்றேன். அவர் சந்தோஷப்படுவார், அதோடு என் பாரமும் இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் குட்டியின் காதைத் தடவிக்கொண்டே முழுவதும் கேட்டார். "எனக்கு என்ன தாயி தெரியும். அஜரத்துட்டக் கேட்டுக்க" என்றார்.

அவர் மௌத்தான அன்று துக்கம் கேட்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் தெருமுனையில் நின்று, "மலை முளைச்சவர் வீடு எதும்மா?" என்று என்னிடம் கேட்டார். வீட்டைக் கை காட்டினேன். அந்த மேடையில் நான் சொன்ன பொய்யை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் பதினொரு வயதில் நினைத்திருந்தேன்.