கூரை இல்லாத காருக்கு ஹீட்டர்

என் காரை முதன்முதலாகப் பார்த்தபோது என் மாமனார் கேட்ட கேள்வி, "மீதி எங்க?"

மீதி கிடையாது. அந்தக் கார் அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் ஜாலியாக ஓட்டிய, இரண்டே சீட் வைத்த, கூரை இல்லாத கார். ஒரு காலண்டரில் அதன் படத்தைப் பார்த்து மயங்கிப்போய், பெங்களூரில் பழைய இரும்பு விற்கிற இடத்தில் செத்துக் கிடந்த ஒரு காரின் அடிச்சட்டத்தையும் இன்ஜினையும் வாங்கி வந்தேன். மூக்கண்டப்பள்ளியில் நான் குடியிருந்த லைன் வீட்டுக்குப் பின்னால் வைத்து, தகரத்தை நானே தட்டி வளைத்து உடம்பு கட்டினேன். ஷிப்டு நேரத்தில் ஒரு கம்பெனியின் டூல் ரூம், மிச்ச நேரமெல்லாம் சுத்தியல். அதற்கு நம்பர் வாங்கிய கதையைச் சொன்னால் எனக்கு இப்போதும் ரத்தக்கொதிப்பு ஏறும். அது வேண்டாம். எண்பதுகளின் நடுவில் ஓசூரில் அப்படி ஒரு கார் என்னிடம் மட்டும்தான் இருந்தது என்பது போதும்.

ஒரே குறை, ஓசூர்க் குளிர். கார்த்திகை பிறந்தால் விடியற்காலையில் முன்கண்ணாடி வேர்த்துப் பால் வெள்ளையாகிவிடும். நான் எழுந்து நின்று, கண்ணாடிக்கு மேலே தலையை நீட்டி ஓட்டுவேன். எனக்கு அது பழக்கம். புதுப்பெண்டாட்டிக்குப் பழக்கமில்லை. கல்யாணம் முடிந்து, தை மாதப் பனியில் அவளைத் தளியிலிருந்து இந்தக் காரில்தான் அழைத்து வந்தேன். வந்தவள் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

அன்றோடு மாமனார் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். தளியில் கோஸும் ரோஜாவும் போடுகிற மனிதர். வீட்டில் பேசுவது கன்னடம், எங்களைப் போன்றவர்களிடம் தமிழ். "பொண்ணைக் கட்டிக் குடுத்தது பனியில காயப் போடறதுக்கா?" என்று ஊரெல்லாம் கேட்டார். எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. நானும் அவர் வீட்டுக்குள் போகவில்லை. எனக்கும் மூக்கு நுனியில்தான் கோபம்.

ஆனியில் என் மனைவி கர்ப்பம் என்று தெரிந்து ஊரே சந்தோஷப்பட்டது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். ஆனால் அவள் அப்பாவின் மகள் அல்லவா, பிடிவாதம் ரத்தத்திலேயே இருந்தது. "அப்பா நம்ம வீட்டுக்குள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிக்கட்டும். அப்பத்தான் நான் பிரசவத்துக்கு அங்க போவேன்" என்றுவிட்டாள். தளி பஸ்ஸில் வந்துபோகிற உறவுக்காரர் ஒருவர் சேதியைக் கொண்டுபோய், பதிலையும் கொண்டுவந்தார்.

"கார்த்திகைல, விடியக்காலத்துல, அதே வண்டியில என்னைக் குளிராம கூட்டிட்டுப் போகச் சொல்லு. வரேன்."

மாட்டேன் என்பதைத்தான் அவர் அப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னார். எனக்கு அது சவாலாகக் கேட்டது.

குருபரப்பள்ளியில், ரோட்டோரமாக லாரி ரேடியேட்டருக்குப் பற்றவைக்கிற பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். இன்ஜினில் சுடுகிற தண்ணீரை ஒரு குழாயில் பிரித்து, சின்ன ரேடியேட்டர் ஒன்றில் ஓடவிட வேண்டும். அதன் பின்னால் லாரி டிரைவர்கள் மாட்டிக்கொள்கிற குட்டி ஃபேன். சூட்டுக்காற்று பாதி காலடிக்கு, பாதி முன்கண்ணாடிக்கு. திட்டத்தைக் கேட்டு பாய் பற்றவைப்பதை நிறுத்திவிட்டார்.

"சார், கூரையே இல்ல. சூடு மேலதானே போவும்? தளி ரோட்டுல இருக்கிற கொக்கையெல்லாம் குளிர் காய வைக்கப் போறீங்களா?"

"கால் சூடா இருந்தா போதும் பாய். மத்த உடம்பு நம்பிடும்."

சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார். கண்ணாடியின் அடியில், டாஷ்போர்டின் மேல் தகட்டில், விரல் நுழைகிற அகலத்துக்கு நீளமாக ஒரு வாய் வெட்டினேன். அதன் மேல் வலை போட்டால் அழகு கெட்டுவிடும் என்று திறந்தே விட்டேன். ஓட்டிப் பார்த்தபோது என் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து, "ஏங்க, இட்லி வெந்துடும் போல இருக்கு" என்றாள். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்து வந்தது ஆயுத பூஜை. எங்கள் லைனில் அது தீபாவளியை விடப் பெரிசு. சைக்கிள், மொபெட், தையல் மெஷின், ரேடியோ எல்லாவற்றுக்கும் பொட்டு. என் கார் நடுவில் நின்றது. கூரை இல்லாததால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் கையை உள்ளே நீட்டிப் பொரி தூவினார்கள், விபூதி போட்டார்கள், டாஷ்போர்டு முழுக்கக் குங்குமம் கொட்டினார்கள். பக்தி ஜாஸ்தி. மறுநாள் சீட்டைக் கூட்டித் துடைத்தேன். விழுந்ததற்குக் கிடைத்தது குறைவாக இருந்தது. எறும்பு தின்றிருக்கும் என்று நினைத்தேன்.

சொன்னபடி கார்த்திகையில் ஒரு விடியற்காலை தளியில் மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றேன். முதல் சூடு அவருக்குத்தான் என்று, பூஜைக்குப் பிறகு ஃபேனைத் தொடவே இல்லை. யாரும் உள்ளே கூப்பிடவில்லை. மாமனார் வெளியே வந்தார். மெல்லிசான அரைக்கைச் சட்டை, வேட்டி, தோளில் ஒரு துண்டு. மாமியார் சால்வையோடு பின்னாலேயே ஓடி வந்தார். வேண்டாம் என்று கன்னடத்தில் "பேடா, பேடா" என்று மாமனார் கையை வீசி அவரைத் துரத்திவிட்டார். நடுங்கிக் காட்டுவதற்கென்றே வந்திருந்தார் மனிதர்.

தளியைத் தாண்டியதும் பனி கவிந்தது. கண்ணாடி வேர்த்து வெளுத்தது. மாமனார் வானத்தைப் பார்த்தபடி, பல் தந்தியடிக்க, வெற்றியோடு உட்கார்ந்திருந்தார். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும் என்று காத்திருந்து, ஃபேன் சுவிட்சைத் தட்டினேன்.

முதலில் வந்தது பொரி. கண்ணாடிக்கு அடியிலிருந்து பொலபொலவென்று கிளம்பி இரண்டு பேர் மடியிலும் கொட்டியது. பின்னாலேயே ஒரு விபூதி மேகம். கடைசியாக, லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் கொட்டிய குங்குமம் மொத்தமும். ஈரக் கண்ணாடியில் பாதி போய் அப்பிக்கொண்டது, மாமனாரின் முகத்தில் மீதி. ஃபேனுக்குள் பொட்டுக்கடலை ஒன்று மாட்டிக்கொண்டு தடதடவென்று அடித்தது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினேன்.

"ஏனு இது?" என்றார், கண்ணை மூடியபடியே.

"ஆயுத பூஜை, மாமா."

பத்து மாதத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். எல்லாம் போச்சு, பிரசவம் மூக்கண்டப்பள்ளியில்தான் என்று உட்கார்ந்திருந்தேன். மாமனார் மடியிலிருந்து ஒரு பொரியை எடுத்து வாயில் போட்டு மென்று பார்த்தார்.

"நமுத்துப் போச்சு" என்றார்.

பிறகு துண்டால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பாசம் ஒன்றும் இல்லை, உயிர் பயம்தான். நானும் துடைத்தேன். மறுபடி கிளம்பியபோது உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டிருந்ததால், வெறும் சூட்டுக்காற்று கண்ணாடியில் ஏறி ஒரு முழம் அகலத்துக்கு ரோட்டைக் காட்டியது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மாமனார் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் காற்று வரும் இடத்தில் வைத்திருந்தார். பல் தந்தியடிப்பது நின்றிருந்தது.

ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற என் மனைவி, அப்பாவின் புருவம்வரை அப்பிய குங்குமத்தைப் பார்த்து, "எந்தக் கோயிலுக்குப் போயிட்டு வரீங்க?" என்றாள்.

மாமனார் இறங்கவில்லை. "காப்பியை இங்கயே கொண்டா" என்றார். "கால் இப்பத்தான் சூடாவுது."

லைனே கூடிவிட்டது. காருக்குள் உட்கார்ந்தபடியே ஊதி ஊதிக் குடித்தார். "குடிச்சாச்சு. கிளம்பலாமா?"

"ரோட்டுல குடிச்சதெல்லாம் சேராது. படி ஏறணும்" என்றாள் மகள்.

"உன் வீட்டுக் காப்பிதானே?"

"வீட்டுக்குள்ளன்னு சொன்னேன்."

அப்பாவும் மகளும் முறைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் இறங்கி வருகிற ஜாதி இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன்.

ஃபேன் நின்றது. மாமனார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். கன்னடத்தில் என்னை ஏதோ சொன்னார், அதை என் மனைவி இன்றுவரை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னதில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, படியேறி, உள்ளே போய், ஸ்டவ் பக்கமாகக் குந்தி உட்கார்ந்தார்.

"வீட்டுக்கு ஒண்ணு மாட்டலியா?" என்று கேட்டார். என் மனைவி சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ரெண்டாவது காப்பி கொடுத்தோம்.

மகளை அழைத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு சீட்டு, மூன்று பேர். காரைச் சுற்றி வந்து பார்த்தார். வழியில்லை. "என் ஸ்வெட்டரைப் போட்டுக்குங்க மாமா" என்று கழற்றி நீட்டினேன். மறுபேச்சில்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டு, பையையும் தூக்கிக்கொண்டு தளி பஸ்ஸுக்கு நடந்தார்.

வெயில் ஏறாத நாள். வழியெல்லாம் நடுங்கியது நான்தான், சூடு முழுவதையும் அவள் காலடிக்குத் திருப்பிவிட்டிருந்தேன். தளியில் காரை நிறுத்தி, அவள் உள்ளே போன பிறகும் நான் வாசலிலேயே கையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது. மாமனார் இறங்கி நேராக வீட்டுக்குப் போகாமல் கார்ப் பக்கம் வந்தார். குனிந்து, மகள் கால் வைத்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இன்னும் மிச்சம் இருந்திருக்க வேண்டும், தலையை ஆட்டிக்கொண்டார்.

"உள்ள வாங்க மாப்ளே, குளிருதில்ல" என்றார்.

ஸ்வெட்டரை மட்டும் கழற்றவில்லை.