வீட்டு ரூலரால் அளந்த மூளை

முப்பத்தைந்து வருடம் சிங்கப்பூர் அரசு அலுவலகத்தில் பிறருக்கு நடைமுறை சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் நடைமுறைகள் தீரவில்லை; கேட்பதற்குத்தான் ஆள் இல்லாமல் போனது. அந்தக் குறையைப் போக்க மகள் கர்ப்பமானாள்.

ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறை ஒன்று பத்து புள்ளி நான்கு மில்லிமீட்டர் அகலம் இருப்பதாகச் சொன்னார்கள். பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. தாண்டினால் ஒன்றுமில்லாமலும் போகலாம், மூளை வளர்ச்சியில் கோளாறாகவும் இருக்கலாம். நான்கு வாரம் கழித்து வரச் சொல்லி, ஒரு படத்தைக் கையில் கொடுத்தார்கள்.

நான்கு வாரம் சும்மா இருக்க நான் என்ன டாக்டரா? உட்லண்ட்ஸ் வீட்டில், சாப்பாட்டு மேசைமீது படத்தை விரித்து பிளாஸ்டிக் ரூலரை வைத்தேன். ஆறு மில்லிமீட்டர். மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் ஆறுதான்.

"மெஷின்லதான் தப்பும்மா. உன் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல."

மகள் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். வளைகாப்புப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றிருந்தவள் சம்மதித்தாள். மறுநாளே என் மனைவி தேக்கா கடைத்தெருவில் கண்ணாடி வளையல் வாங்கிவிட்டாள்.

இரண்டாவது ஸ்கேனுக்குக் கோப்பும் ரூலருமாகப் போனேன். ஸ்கேன் எடுத்தது ஒரு தமிழ்ப் பெண்.

"பாப்பா தலையைத் திருப்ப மாட்டேங்குது. கொஞ்சம் நடந்துட்டு, ஸ்வீட்டா ஏதாச்சும் குடிச்சிட்டு வாங்க."

வீட்டு விலைக்கு நிகரான இயந்திரம். கடைசியில் அதன் நடைமுறை, ரோஸ் சிரப் கலந்த பால், ஒரு கப் பண்டூங். மகள் குடித்துவிட்டு வந்து மறுபடி படுத்தாள். அந்தப் பெண்ணுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று என் ஆறு மில்லிமீட்டரைச் சொன்னேன்.

"எதுல அளந்தீங்க அங்கிள்?"

"படத்துல. ரூலர் வச்சு."

"அப்போ தலை எவ்வளவு வந்துச்சு?"

தலையை நான் அளக்கவில்லை. அங்கேயே படத்தை எடுத்து அளந்தேன். மூன்றரை சென்டிமீட்டர்.

"எலுமிச்சம்பழம் சைஸ் லா, அங்கிள். பிரிண்ட்ல எல்லாமே சின்னதாத்தான் வரும்."

மகள் சிரிக்கவில்லை.

"அப்போ நாலு வாரமா நான் எதை நம்பிட்டு இருந்தேன்ப்பா?"

 திரையில் அந்தப் பெண் அறையின் ஒரு சுவரில் ஒரு குறியும் எதிர்ச்சுவரில் இன்னொன்றும் வைத்தாள். அழித்தாள். மறுபடி வைத்தாள். நான் ரூலரைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். அது பாதிக்கு மேல் உள்ளே போக மறுத்தது.

"ஒன்பது புள்ளி ரெண்டு."

"அது சரியான அளவா?" மகள் என்னைக் கேட்கவில்லை.

"மூணு தடவை எடுத்தேன் அக்கா. பத்துக்குள்ள வந்துருச்சு. மூளையில மத்த பாகமெல்லாம் நல்லா தெரியுது. டாக்டரும் பார்த்துட்டு உங்ககிட்ட பேசுவாங்க."

புதுப் படம் அச்சாகி வந்தது. வழக்கம்போல் நான் கையை நீட்டினேன். மகள் முந்திக்கொண்டு வாங்கி, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.