ஒரே தடவை கேட்ட கேள்வி

சீனாவின் ஷென்யாங் நகரத்து நூற்பாலையில், நான் தலைவனாக இருந்த பிரிவில் இருபத்தொரு வருடம் வேலை பார்த்தவர் தோங் ருய்லான். எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து முதலில் வருவது ஒரே பதில்தான். காலை ஷிஃப்டா, மாலை ஷிஃப்டா? எதுன்னாலும் சரி. நூடுல்ஸா, சோறா? எதுன்னாலும் சரி.

கேன்டீன் சமையல்காரர் ஹாவ் விடமாட்டார். "இப்படிச் சொல்லிட்டு அப்புறம் அடுத்தவ தட்டையே பார்த்துட்டு உக்காந்திருப்ப. ஒழுங்காச் சொல்லுக்கா."

"அப்படின்னா நூடுல்ஸே போடு."

எங்கள் ஊரில் ஏறக்குறைய எல்லாரும் இப்படித்தான். முதல் பதில் மரியாதைக்கு. உண்மையான பதில் வேண்டுமென்றால் மறுபடியும் கேட்க வேண்டும். அது கேட்பவரின் கடமை. இது தெரியாமல் இங்கே யாரும் வளர்வதில்லை.

1998இல் ஆட்குறைப்பு வந்தது. என் பிரிவில் கடைசியாக இரண்டு பெண்களில் ஒருவர் போயாக வேண்டும். ஒருவர் ருய்லான்; இன்னொருத்தி என் அறைக்கு வந்து அழுது தீர்த்துவிட்டுப் போயிருந்தாள். ருய்லானின் கணவரை வேறொரு ஆலை முந்தின வருடமே வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு மிச்சமிருந்தது இவர் வேலை ஒன்றுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா, நீங்க இருக்கீங்களா, போறீங்களா?"

சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். "எப்படின்னாலும் சரி, தலைவரே."

சொன்னவர் நகரவில்லை. ஒரு நிமிடமாவது அங்கேயே நின்றிருப்பார். நான் தலையை நிமிர்த்தாமல் பட்டியலில் அவர் பெயரை எழுதினேன். மேலிடத்தில், அவரே சம்மதித்துவிட்டார் என்று சொன்னேன். வெட்கங்கெட்ட வேலை.

நான்கு வருடம் கழித்து, எனக்கும் வேலை போன பிறகு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தையில் அவரைப் பார்த்தேன். புளிக்கவைத்த முட்டைக்கோஸ் அடைத்த பன்களை ஆவியில் அவித்து விற்றுக்கொண்டிருந்தார். குளிரில் விரல்களெல்லாம் வெடித்திருந்தன.

"பெய் தம்பியா? சாப்பிடு" என்று சூடாக இரண்டை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"அன்னைக்கு நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்க்கா."

"கேட்டிருந்தா இருக்கேன்னு சொல்லியிருப்பேன்." பாத்திரத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "அது உனக்குத் தெரியும். அதனாலதான் நீ கேக்கல."