வளையம் வந்த படம்

உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை தப்பாமல் நிற்கும். அயனிக் கற்றை மோதினால் வரிசை குலையும். குலைந்தது திரும்பச் சேர்வதற்குள் அடுத்தடுத்து அடி விழுந்தால், உருகாமலே கண்ணாடி மாதிரி ஒழுங்கற்ற திடப்பொருளாகிவிடும். நிக்கல்-டைட்டானியத்தில் அது எத்தனை அடிக்கு நடக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் எங்கள் வேலை. எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் ஒழுங்கு இருந்தால் புள்ளிகள் தெரியும், போய்விட்டால் மங்கிய வளையம்.

என் ஜூனியர் எங்கள் தென்காசிக்குப் பக்கத்து இலஞ்சிக்காரன். அவன் கொடுத்த படத்தில் வளையம் இருந்தது, கற்றையின் அளவோ அதற்கு ரொம்பக் குறைவு. எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. புதுப் பாலையும் மோந்து பார்த்துத்தான் காய்ச்சுவேன். மாதிரியை ஒட்டும் பசையும் இதே வளையத்தைக் காட்டும். பயல் பசையைப் படமெடுத்துவிட்டு உலோகம் என்கிறான் என்று முடிவுகட்டினேன். அவனுடைய ஆய்வு உதவித்தொகையை நீட்டிப்பதா வேண்டாமா என்று அந்த வாரம்தான் முடிவாக இருந்தது. குற்றால சீசனுக்கு லீவு போட்டுத் தென்காசி வந்த மறுநாள் காலை, அவனிடம் எதுவும் கேட்காமல் எங்கள் கைடுக்கு மெயில் தட்டினேன், அவன் படத்தை நம்ப வேண்டாம் என்று.

சாயங்காலம் ஐந்தருவிக்குப் போகும் வழியில் அவனே எதிரே வந்தான், தலையைத் துவட்டிக்கொண்டு. லீவுக்கு அவனும் வந்திருந்தான். என்னைக் கண்டதும் தயங்கினான். மாட்டிக்கொண்ட முழி என்று நினைத்தேன்.

"அக்கா, கற்றையே படாத துண்டையும் கிளம்புததுக்கு முன்னால பார்த்தேன். அதுலயும் வளையந்தான் வருது."

"பசையா இருக்கும்லே."

"பசை இல்லாத இடமாத்தான் பார்த்தேன். மெலிசாக்குத மெஷின்லயே கெட்டுப்போயிருக்கு. வோல்டேஜ் கூடிப்போச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு இருந்துச்சு. சார்ட்ட ரெண்டு பேரு தப்புன்னே சொல்லிருவமா?"

நுண்ணோக்கிக்காக மாதிரியை மெலிதாக்குவதும் அயனிகளை வைத்துத்தான். இரண்டு துண்டையும் மெலிதாக்கியவள் நான். ஆய்வுக்கூட பஸ் போய்விடுமே என்று வோல்டேஜைக் கூட்டி வைத்ததும் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. மெயில் அனுப்பியதைச் சொன்னேன்.

அவன் துவட்டுவதை நிறுத்தினான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லாக்கா?"

அங்கேயே நின்று கைடுக்குப் போன் போட்டேன். தப்பு என்னுடையது, அவன் நேர்மையானவன் என்று இரண்டு தடவை சொன்னேன்.

"காலையில ஒண்ணு எழுதுறீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. ஒரே ஊர்க்காரப் பையன்னு காப்பாத்தப் பார்க்கிறீங்களாம்மா?" என்றார்.