தொண்ணூறு டிகிரிக்கு ஆறு வாரம்

லாரி ஓட்டுகிறவனுக்கு டயருக்கு முன்னால் தேய்வது கிளட்ச் மிதிக்கிற இடது முட்டிதான். முப்பத்தெட்டு வருடம் ஓட்டியதில் எனக்கு அது முழுசாகத் தேய்ந்துபோய், சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டினார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். காது மரக்கவில்லை. துணித் திரைக்கு அந்தப் பக்கம் ரம்பமும் சுத்தியலும் போட்ட சத்தம், நாமக்கல் பட்டறையில் லாரிக்குப் பாடி கட்டுகிற சத்தமேதான்.

எங்கள் ஊர் வெண்ணந்தூருக்கு அனுப்பி வைக்கும்போது பெரிய டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். "ஆறாவது வாரம் வாங்க. முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கணும். மடங்கலைன்னா மறுபடி மயக்கம் கொடுத்து நானே மடக்கிவிடுவேன்." அந்த மேசையில் இன்னொரு தடவை படுப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன். முட்டி மாற்றியவர்களும், மாற்ற நாள் குறித்துக்கொண்டு பயந்து கிடப்பவர்களும் இதைப் படியுங்கள். நான் செய்த தப்பையெல்லாம் நீங்களும் செய்ய வேண்டியதில்லை.

மார்க் கேட்ட நர்ஸ்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் ஒரு நர்ஸ் அட்டையோடு வந்தார். வலிக்கு மார்க் போடச் சொன்னார். வலியே இல்லை என்றால் சைபர், தாங்கவே முடியாது என்றால் பத்து. எனக்கு ஒன்பது இருக்கும். ஆனால் பக்கத்துக் கட்டிலில் மல்லசமுத்திரத்துக்காரர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், "பத்துங்க, பத்துங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நான் எப்படி ஒன்பது சொல்வது? "மூணு" என்றேன்.

பத்துக்காரருக்கு ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் குறட்டை விட்டார். சாயங்காலம் வாக்கரைப் பிடித்து வராந்தா முழுக்க நடந்தார். மூணுக்காரனான நான் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்கவே இல்லை. நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார், வேர்வையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். நான் மூணாம் வகுப்போடு நின்றவன். அங்கே வாத்தியார் எனக்குப் போட்ட மார்க்கை இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் மார்க் விஷயத்தில் என்னைக் கேலி செய்தது இந்த அம்மாதான்: "ஐயா, கம்மியா மார்க் வாங்கினா பாஸ்னு நெனச்சுட்டீங்களா? இங்க உண்மையைச் சொன்னாத்தான் பாஸ்."

சக்கரத்துக்குக் கட்டை

மேட்டில் வண்டியை நிறுத்தினால் பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் எந்த டிரைவரும் இறங்க மாட்டான். முப்பத்தெட்டு வருடப் பழக்கம். வீட்டுக்கு வந்ததும் தலையணையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி, முட்டிக்கு அடியில் கொடுத்தேன். கால் லேசாக மடங்கி நின்றதும் வலி பாதியாகக் குறைந்தது. டாக்டருக்குக்கூடத் தெரியாத வைத்தியம் என்று ஒரு வாரம் பெருமையாகப் படுத்திருந்தேன்.

பயிற்சி கொடுக்க ராசிபுரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் ரேவதி என்ற பெண் வீட்டுக்கு வருவார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். சிரித்துக்கொண்டே காலை முறிக்கிற ரகம். தலையணையை எடுத்துவிட்டுக் காலை நீட்டச் சொன்னார். நீளவில்லை. முட்டி பாதி மடங்கினபடியே நின்றுகொண்டது. இனி மடக்குவதோடு நீட்டுவதையும் சேர்த்துப் பழக வேண்டும் என்றார். வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் கொடுக்கலாம், முட்டிக்கு அடியில் ஆகவே ஆகாதாம். கட்டை கொடுத்த நியாயத்தை நான் விளக்கிச் சொன்னேன். அந்தப் பெண் தலையணையைத் தூக்கிப் பீரோ மேலே எறிந்தார். "இது நிறுத்தி வைக்கிற வண்டி இல்லைங்க ஐயா, ஓட்டற வண்டி. கட்டையை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

எண்ணெய்ப் புட்டி

தையல் பிரித்த மறுநாள் பழனிச்சாமி பார்க்க வந்தார். என்னோடு ஒரே ஷெட்டில் லாரி ஓட்டினவர். நாக்பூர் ரோட்டில் நான் பஞ்சராகி நின்றபோது ஹாரன் அடித்துக் கை காட்டிவிட்டு நிற்காமல் போனவரும் இவர்தான். அதை அவர் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை. எலும்பு கட்டுகிற இடத்திலிருந்து வாங்கி வந்த எண்ணெயைச் சூடு பண்ணி, வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே முட்டியில் தேய்த்துத் துணியை இறுக்கிக் கட்டினார். பொழுது சாய்வதற்குள் முட்டி பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

போனில் ரேவதி திட்டிய திட்டைச் சொல்ல முடியாது. புண் ஆறுகிற இடத்தில் எண்ணெய் படவே கூடாதாம், சூடும் கூடாதாம். துடைத்துவிட்டு, ஐஸைத் துண்டில் சுற்றிக் கால் மணி நேரம் வைக்கச் சொன்னார். தான் செய்த வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க மறுநாளும் பழனிச்சாமி வந்தார். வீக்கம் இறங்கத் தொடங்கியிருந்தது. ஐஸ் துண்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "ஏனுங்க, சூடு ஏறுனா ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தோணும்னு நமக்குத் தெரியாமயா போச்சு? மனுசனுக்குன்னா மட்டும் எப்பிடிங்க மறந்துபோவுது?"

மாத்திரையை மிச்சம் பிடித்தவன்

மூன்றாவது வாரம் ரேவதி இரண்டு ஸ்கேலைச் சேர்த்த மாதிரி ஒரு கருவியை முட்டியில் வைத்து அளந்தார். ஐம்பத்தைந்து. பாதி நாள் போய்விட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பட்டறைச் சத்தம்.

காரணம் எனக்குத் தெரியும், சொல்லத்தான் இல்லை. வலி மாத்திரையை வேளைக்கு வேளை சாப்பிடச் சொல்லி எழுதியிருந்தார்கள். கிட்னி போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உயிர் போகிற வலி வந்தால் மட்டும் ஒன்று போடுவேன். மிச்சத்தை டப்பாவில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். முட்டியை மடக்கினால் வலிக்கும், வலித்தால் விட்டுவிடுவேன். விட்டால் இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். விளக்கேற்றப் போன என் வீட்டுக்காரி டப்பாவைக் கண்டுபிடித்து, ரேவதி முன்னால் கொட்டினாள். கிட்னிக்குத்தான் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒத்துக்கொள்கிற மாத்திரையாக எழுதியிருக்கிறார்கள், பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு வேளை வருகிற மாதிரி சாப்பிடுங்கள் என்றார் ரேவதி. வலி ஏறினபிறகு போட்டால் பிடிபடாதாம். நான் மாத்திரையைப் பொறுக்கி மறுபடி டப்பாவில் போடப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் இரண்டு தடவை என்னோடு பெங்களூருக்கு லோடில் வந்தவள் என் வீட்டுக்காரி. அவள் விடுவாளா? "தொப்பூர் இறக்கத்துல பாதி தூரம் போயாங்க கியரை மாத்துவீங்க? மேல இருக்கறப்பவே மாத்திட்டுத்தானே எறங்குவீங்க?"

சகலை

மாத்திரை வேலை செய்தது. நாலாவது வாரம் எழுபது. அங்கே நின்றுவிட்டது. வலி குறைந்தாலும் பயம் குறையவில்லை, மடக்குகிற நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றுவேன். அப்போதுதான் என் சகலை வந்தார், அதாவது என் கொழுந்தியாள் வீட்டுக்காரர். ரிக் வண்டி வைத்துப் போர்வெல் போடுகிறவர். அவரோடு எனக்கு ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. அவருடைய புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் ஒரு பெரிய மனிதரிடம் என்னைக் காட்டி, "இவரு டிரைவருங்க" என்றார். சகலை என்று சொல்லவில்லை. அந்த ஆள் என் கையில் கார் சாவியைக் கொடுத்து, "நிழல்ல போட்டுருப்பா" என்றார். நிழலில்தான் போட்டேன். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்தேன்.

போன வருடம் அவரும் வலது முட்டி மாற்றினவர். என் வீட்டுக்காரி சொல்லித்தான் வந்தார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தரையில் துண்டைப் போட்டு அதன்மேல் குதிகாலை வைத்து, நாற்காலிக்கு அடியில் இழுத்துக் காட்டினார். "எனக்கு நாலாவது வாரமே தொண்ணூத்தஞ்சுங் சகலை. உங்குளுக்கு ஆவாதுங்க, உடுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் இழுத்தேன். மறுநாள் பத்து மணிக்குச் சரியாக மறுபடி வந்தார். மாத்திரை போட்டு அரை மணி ஆகியிருக்கும். தினமும் வந்தார், தினமும் குத்திப் பேசினார், நானும் தினமும் அரை விரல் கூடுதலாக இழுத்தேன். ஒருநாள் வலியில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பார்க்கக் கூடாதென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நானு பாத்ரூம்ல பைப்பைத் திறந்து உட்டுட்டு அழுவேனுங்க. உங்க கொழுந்தியாளுக்கே அது தெரியாது."

ஆறாவது வாரம்

சேலத்துக்கு அவருடைய காரிலேயே போனோம். டாக்டர் கருவியை வைத்தார். நான் மூச்சைப் பிடிக்காமல் மடக்கினேன். தொண்ணூற்றிரண்டு. "மயக்கம் வேண்டாம், பயிற்சியை விட்டுடாதீங்க, மாத்திரையை இனிமே கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம்" என்று எழுதினார். எழுதிக்கொண்டே, "கூட வந்திருக்கிறது யாரு?" என்று கேட்டார். சகலை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். "டிரைவருங்க" என்று வந்துவிட்டது. டாக்டர் சீட்டை அவரிடம் நீட்டி, "ஏப்பா, ஐயாவைப் பாத்து மெதுவா ஏத்தி இறக்கு" என்றார்.

மல்லூர் தாண்டுகிறவரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். திடீரென்று அவர் ஸ்டீரிங்கைத் தட்டிச் சிரித்தார். "அன்னைக்கு நீங்க சாப்புடாமப் போனது இதுக்குத்தானுங்களா? நானு சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு இத்தனை வருசம் சமையக்காரனைத் திட்டிட்டு இருக்கறேன். சரிங் சகலை, ஊட்டுக்குப் போனொடனே டிரைவருக்கு முதல்ல எலையைப் போடச் சொல்லுங்க."

வலிக்கு வேளை தவறாத மாத்திரை, வீக்கத்துக்கு ஐஸ், மடங்காத முட்டிக்கு எதிர் நாற்காலியில் ஆகாத ஒரு சகலை, இதுதான் எனக்குக் கேட்ட வைத்தியம். உங்கள் சகலை நல்லவராக இருந்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.