இரண்டு பிள்ளைகளும் ஒரு மசோதாவும்

நவோட்டாஸ் சந்தையில் கருவாடு விற்கும் பெலிசா மகலோனாவுக்கு இருபது வருடமாக ஒரே வேண்டுதல்தான். அவன் சாக வேண்டும். அவன் என்றால், அவள் மகள் மரிவிக்கைப் பதினேழு வயதில் கெடுத்துக் கொன்றவன். கோர்ட் அவனுக்கு விஷ ஊசி என்றுதான் தீர்ப்பு எழுதியது. ஆனால் 2006இல் நாடு மரண தண்டனையையே எடுத்துவிட்டது. அவனுக்கு ஆயுள் என்று ஆனது.

அன்றிலிருந்து, தண்டனையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எங்கே கூட்டம் போட்டாலும் பெலிசா முன்வரிசையில் நிற்பாள். மார்பில் மகள் படம் போட்ட பனியன். துவைத்துத் துவைத்து முகம் வெளுத்தால், கூட்டம் நடத்தும் எம்.பி.யின் ஆபீஸில் புதிதாக அச்சடித்துத் தருவார்கள். வேனில் கூட்டிப்போக அங்கிருந்து ஜோசலின் என்ற பெண் வருவாள்.

2017 மார்ச்சில் கீழவையில் மசோதா நிறைவேறியது. ஜோசலின் கடைக்கே வந்துவிட்டாள்.

"ஜெயிச்சுட்டோம்மா. இனி மேலவைதான். செவ்வாய்க்கிழமை கூட்டத்துல நீங்க பேசணும்."

பேச வேண்டியதை எழுதிக் கொடுத்தாள். கூடவே மசோதா நகலும் இருந்தது. பெலிசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் படித்தாள். போதைப்பொருள் விற்றால், கடத்தினால், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோனால். கடைசிவரை அதுதான்.

"கொலை எங்க இருக்கு?"

"ஓட்டு பத்தலம்மா. அதான் குறைச்சுட்டாங்க. முதல்ல இது வரட்டும், அப்புறம் சேத்துக்கலாம்."

"சேத்தா அவனுக்கு ஊசி உண்டா?"

ஜோசலின் தராசைப் பார்த்தாள். "பழைய கேசுக்குப் புதுச் சட்டம் போகாதும்மா. முன்னாடியே சொன்னேனே."

சொன்னது பெலிசாவுக்கு நினைவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது.

அன்று வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. கேட்டதை விட்டு வேறு கருவாட்டை நிறுத்துக் கொடுத்தாள். 'கொண்டுபோனால்' என்ற சொல்தான் மண்டைக்குள் சுற்றியது. அவள் மகன் ரொடெல் ட்ரைசைக்கிள் ஓட்டுகிறவன். இரண்டு மாதம் முன்பு அவன் வண்டி சீட்டுக்கு அடியில் ஒரு பொட்டலத்தைச் செருகியதைப் பார்த்துவிட்டுத் திட்டியிருந்தாள்.

மத்தியானம் அவன் சாப்பிட வந்தான். பூண்டுச் சோற்றைத் தட்டில் போட்டபடியே கேட்டாள்.

"இன்னும் கொண்டுபோறியா?"

"எதை?"

"என்கிட்ட நடிக்காத."

"நான் விக்கலம்மா. கொண்டுபோய்க் குடுக்குறதோட சரி."

"கொண்டுபோனாலே ஊசிதான்டா. உங்க அக்காவைக் கொன்னவனுக்கு வேளாவேளைக்குச் சோறு, உனக்கு ஊசி. இதுக்குத்தான் இத்தனை வருஷம் வெயில்ல நின்னிருக்கேன்."

ரொடெல் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். "அப்ப செவ்வாய்க்கிழமை பேசப் போறியா?"

குழம்பு ஊற்றப் போனவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

செவ்வாய்க்கிழமை பனியனை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். வேன் ஹாரன் அடித்ததும் ஏறிக்கொண்டாள். மேடையில் பெயரைக் கூப்பிட்டார்கள். கையிலிருந்த காகிதத்தை மடித்துவிட்டு மைக்கில் சொன்னாள்:

"என் மக பேரு மரிவிக். வயசு பதினேழு. அவளைக் கொன்னவன் சாகணும். இந்த மசோதாவுல அவன் இல்ல. வேற யார் யாரோ இருக்காங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. வெளியே ஒரு பத்திரிகைக்காரி துரத்தி வந்தாள்.

"அப்ப நீங்க மரண தண்டனைக்கு எதிரா?"

"அவன் சாகணும்னுதானே சொன்னேன்," என்று எரிந்து விழுந்துவிட்டு நடந்தாள்.

வேனில் ஜோசலின் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரமே ரொடெலைப் பலவான் தீவில் இருக்கும் தன் தம்பியின் படகுக்கு அனுப்பிவைத்தாள். மசோதா மேலவையில் அப்படியே கிடந்துவிட்டது. ஆனாலும் தேர்தலுக்குத் தேர்தல் யாராவது அந்தப் பேச்சை எடுக்கிறார்கள். ரேடியோவில் கேட்டால் பெலிசா சத்தத்தைக் கூட்டுவாள். பாதியில் அணைத்துவிட்டு மகனுக்குப் போன் போடுவாள்.

"இன்னைக்கு என்ன ஏத்தினீங்க?"

"மீன்தாம்மா."

"வேற?"

"ஐஸு."

பாதி நம்பிவிட்டு ரேடியோவை மறுபடி போடுவாள்.