எண்பத்தெட்டுக்கு மேலே

2024 ஓகஸ்ட் 3: 95 ஒக்டேன், 20 லீற்றர், ரூ. 7,580.
2024 ஓகஸ்ட் 17: 95 ஒக்டேன், 25 லீற்றர், ரூ. 9,475.
2024 செப்டெம்பர் 6: 95 ஒக்டேன், 40 லீற்றர், ரூ. 15,080.

மூன்றும் ஹாலிஎலயில் றுஷ்தியின் பெற்றோல் ஷெட்டில் வாங்கியவை. மூன்றும் போனது பல் வைத்தியர் சேந்தனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு. செப்டெம்பர் 8ஆம் திகதி, கரையோரப் பந்தயத் திடலில், மூன்றாவது சுற்றில் அந்தக் காரின் பிஸ்டன் ஒன்று ஓட்டையாகிப் போனது. அன்றிலிருந்து, அந்தக் காரைத் திருத்திக் கொடுத்த ரஜீவுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

ரஜீவ் பூனாகலைத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். வயது முப்பத்து நான்கு. பண்டாரவளையில் கராஜ். காரின் கணினிக்குள் இருக்கும் எண் அட்டவணையைத் திருத்துவது அவர் தொழில்: எவ்வளவு பெற்றோல், எந்தக் கணத்தில் பொறி, மிதியைத் தொட்டால் எவ்வளவு பாய்ச்சல். பந்தயக் கார்களைத் திருத்த அனுமதி பெற்றவர்களின் பட்டியலில் பந்தயக் கழகம் அவர் பெயரைச் சேர்க்க இரண்டு வருடம் எடுத்திருந்தது.

எஞ்சினைக் கழற்றிய அன்று சேந்தன் கராஜுக்கு வந்தார்.

"தொண்ணூற்றைஞ்சு எண்டு சொல்லி ஷெட்காரன் தொண்ணூற்றிரண்டை ஊத்திப்போட்டான். கழகத்துக்கு எழுதும், ரஜீவ். என்ன யோசிக்கிறீர்?"

"காரோட கணினி லொக்கப் பாத்துட்டுச் சொல்றேங்க டொக்டர்."

"ஓட்டையை நான் பார்த்திட்டன். விரலே போகுது."

கதை ஹாலிஎலவுக்குப் போய்ச் சேர்ந்தது. த்ரீவீல்காரர்கள் றுஷ்தியிடம், "இன்னைக்கு என்ன கலந்தீங்க மொதலாளி, தண்ணியா, தேயிலைச் சாயமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஷெட்டுக்குப் போனார்கள். றுஷ்தி ரஜீவுக்கு ஃபோன் எடுத்தார்.

"நானா, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன். என் தாங்கியிலருந்து எவ்வளவு வேணும்னாலும் எடுத்துப் பாருங்க."

ரஜீவ் இரண்டு கேன் எடுத்தார்: ஒன்று றுஷ்தியிடம், ஒன்று வேறு ஷெட்டில். சேந்தனின் காரைப் போலவே தாம் திருத்திய தம் பழைய காரை வெல்லவாய இறக்கத்தில் ஓட்டிப் போய், கீழே சமதரையில் முழு மிதி மிதித்தார். டின்னுக்குள் கூழாங்கல்லைக் குலுக்கியது போலச் சத்தம். மற்றக் கேனை ஊற்றினார். அதே சத்தம். மேலே வந்தார், சத்தம் இல்லை. மறுநாளும் போனார். மூன்றாம் நாள் மனைவி யசோதினி கதவருகே நின்றாள்.

"திரும்பவும் வெல்லவாயவா? அங்க எதத் தொலச்சிட்டு வந்தீங்க?"

"தொலைக்கல, கண்டுபிடிச்சிட்டேன். நம்புறதுக்குத்தான் போறேன்."

காரின் கணினிக்குள் அவர் திருத்தும் அட்டவணை, தொழிலில் 'மேப்', ஒவ்வொரு காற்றழுத்தத்துக்கும் ஒரு வரிசை என்று எண்கள் அடுக்கியது. பண்டாரவளையின் மெலிந்த காற்றில் முழு மிதி மிதித்தாலும் எண்பத்தெட்டு கிலோபஸ்கால் வரிசைக்கு மேல் போகாது. கரையோரத்தில் நூறு. எண்பத்தெட்டுக்கு மேற்பட்ட வரிசைகள் எஞ்சினில் ஓடி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. எண்பத்தெட்டின் எண்களையே அவற்றிலும் நிரப்பியிருந்தார். கீழே, அடர்ந்த காற்றில், பொறி முந்திப் பாய்ந்தது; பிஸ்டனைத் துளைத்தது அதுதான். அவர் திருத்திய கார்கள் எல்லாம் மலையிலேயே ஓடியவை. அதுவரை ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை.

செப்டெம்பர் 19ஆம் திகதி அறிக்கையை எழுதினார்.

"என்னன்னு எழுதுனீங்க?" என்றாள் யசோதினி.

"பெட்ரோல் சரி, மேப் பிழைன்னு."

"பேரு போயிருமே."

"போயிரும்."

"வேன், த்ரீவீல் வேலை வராமலா போயிரும்?"

"வரும். அது போதாது யசோ."

கழகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மூன்று வாரம் கழித்துச் சேந்தன், புதுப் பிஸ்டனுக்குப் பாதிப் பணம் தாம் போடுவதாகச் சொல்லியனுப்பினார். கழகத்தின் முதல் கடிதம் அறிக்கை கிடைத்தது என்றது. இரண்டாவது, லொக் பதிவுகளைக் கேட்டது. இடையில் ஏழு ஞாயிற்றுக்கிழமைகளில் ரஜீவ் வெல்லவாயவுக்கு இறங்கி, மேல் வரிசைகளை ஒவ்வொன்றாக ஓடவைத்துத் திருத்தினார்.

மூன்றாவது கடிதத்தை வாசலிலேயே நின்றுகொண்டு பிரித்தார். றுஷ்தியின் பெற்றோலில் குறை இல்லை; ரஜீவின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கம்; ஓராண்டின் பின் விண்ணப்பிக்கலாம். அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை.